சொல் போனால் பல் போச்சு

மட்டாஞ்சேரி பஜாரில் ஏலக்காய் மொத்தக்கடை ஒன்றின் மாடியில் டாக்டர் ரமேஷ்பாபுவின் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெளியே பெஞ்சு போட்ட ஒரு கூடம், உள்ளே நாற்காலி போட்ட ஓர் அறை, எக்ஸ்ரே எடுக்க ஒரு சந்து, அவ்வளவுதான். அந்த நாற்காலிக்கு இடது பக்கம் சக்கரம் வைத்த ஒரு ஸ்டூல் உண்டு. பத்தொன்பது வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவள் ஸ்வர்ணலதா. ஒரு தடவை மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். அவள் பார்த்த பார்வையில் எழுந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து அரிசிக் கிட்டங்கிக்கு மூட்டை தூக்க வந்தவர். ஸ்வர்ணலதா பிறந்ததே மட்டாஞ்சேரியில்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ்ப் பேப்பரைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் இரண்டு மொழியிலும் சண்டை போடுவாள். பத்தாவது முடித்து, கல்யாணமாகி, கணவனுக்கு ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்த பிறகு, பெருக்கித் துடைக்கும் வேலைக்குத்தான் இந்த மாடிக்கு வந்தாள்.

துடைப்பத்தை விட்டு நாற்காலிப் பக்கம் போனது ஒரே ஒரு சொல்லால். கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு ரமேஷ்பாபு பல் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது டாக்டருக்குத் தொழில் புதிது. ஊசி சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அந்த மனிதர் வாய்க்குள் பல் பிடுங்கும் குறட்டை வைத்துக்கொண்டே "வலிக்கு, வலிக்கு" என்று கத்தினார். தெற்கத்தித் தமிழில் அது வலிக்கிறது என்று அர்த்தம். மலையாளத்தில் அதே சொல்லுக்கு 'இழு' என்று அர்த்தம். நோயாளியே இழுக்கச் சொல்கிறாரே என்று டாக்டரும் உற்சாகமாக இழுத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா, "நிறுத்துங்க சாரே, அவர் உசுரு போகுதுங்கறார்" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மறுநாளிலிருந்து அந்த ஸ்டூல் அவளுக்கு வந்துவிட்டது.

பஜாரில் தமிழ் ஆட்களுக்குக் குறைவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், கிட்டங்கியில் சுக்கும் மஞ்சளும் தரம் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் பல் என்றால் இந்த மாடிக்குத்தான் வருவார்கள். மீன் வாங்கவும் பஸ் ஏறவும் அவர்களுக்கு மலையாளம் போதும். வலியைச் சொல்ல அது போதாது. அதை ஸ்வர்ணலதாவிடம் சொல்வார்கள், அவள் டாக்டரிடம் சொல்வாள். வலிக்காரர்கள் பேச்சில் என்றைக்குச் சுருக்கம் இருந்திருக்கிறது? யார் வீட்டுச் சாவுக்குப் போனபோது வலி ஆரம்பித்தது, கிராம்பு வைத்தது, உப்புத் தண்ணீர் கொப்பளித்தது, மாமியார் என்ன சொன்னாள், எல்லாம் வரும். ரமேஷ்பாபுவின் கை நல்ல கை, காதுதான் அவசரக் காது. "சுருக்கிப் பற லதே" என்பார். லதாவும் சுருக்குவாள். கால் மணி நேரப் புலம்பலைக் கேட்டுவிட்டு, "வலத்தே மேலே, கடைசிப் பல்லு, நல்ல வேதன" என்று முடித்துக் கொடுப்பாள். அந்தச் சுருக்கத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. தான் இல்லாவிட்டால் பஜாரில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டே சாக வேண்டியதுதான் என்று வீட்டில் கணவனிடம் சொல்வாள். அவனும் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்பான்.

இந்த ராஜ்யத்துக்குள் ஐந்து மாதத்துக்கு முன்னால் டாக்டர் மதுவந்தி வந்து சேர்ந்தாள்.

பல் நன்றாக இருக்கும், வலி மட்டும் போகாது, இப்படிப்பட்ட ஆட்கள் அடிக்கடி வந்து ரமேஷ்பாபுவைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். நாள்பட்ட முகவலிக்கென்றே மேல்படிப்புப் படித்த ஒரு பெண் கலூரில் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, செவ்வாயும் வெள்ளியும் வரச்சொல்லிக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு வயது, பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண். அதனால் தமிழ் பேசினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"லதா சேச்சி, தமிழ்க்காராகிட்ட நானே பேசிக்கறேன். நீங்கோ சித்த ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்றாள் முதல் நாளே. சொல்லிவிட்டு அந்த ஸ்டூலைக் காலால் இழுத்து, தானே உட்கார்ந்து, நோயாளியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். நல்லெண்ணத்தோடு மிதித்தாலும் மிதிபட்ட கால் வலிக்கத்தானே செய்யும். ஸ்வர்ணலதா மூலையில், கருவிகளை வேகவைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். செவ்வாயும் வெள்ளியும் அதுதான் அவள் இடம் என்று ஆனது.

நின்றுகொண்டு கவனித்தாள். மதுவந்தி பல்லைப் பார்ப்பதே கடைசியில்தான். முதல் அரைமணி நேரம் கதை. "குத்தறதா, எரியறதா, துடிக்கறதா? வந்தா எத்தனை நேரம் நிக்கும்? எது பண்ணினா வரும்? எது பண்ணினா போகும்?" பிறகு கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். வாயைத் திறக்கச் சொல்லி ஸ்கேல் வைத்து அளப்பாள். வலி வந்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுவாள். பல் டாக்டருக்குப் பல்லைப் பார்த்தால் போதாதா, கதை கேட்கவா இத்தனை வருஷம் படித்தாள் என்று ஸ்வர்ணலதாவுக்கு எரிந்தது.

கோளாறு என்னவென்றால் ஜனங்களுக்குக் குணமாகித் தொலைத்தது. வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் ஒரு வருஷமாகத் தாடை வலியோடு ஊரெல்லாம் அலைந்தவர். பல்லில் ஒன்றுமில்லை, வண்டி ஓட்டும்போது இவர் தன்னையறியாமல் பல்லை இறுகக் கடிக்கிறார் என்று மதுவந்தி கண்டுபிடித்தாள். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்தாள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் வாயை எப்படித் தளர்வாக வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் மனிதர் அல்வாவோடு வந்து நின்றார். "மிடுக்கி!" என்றார் ரமேஷ்பாபு. கெட்டிக்காரி என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் ஸ்வர்ணலதாவுக்கு அந்தப் பட்டம் ஒரே ஒரு தடவை கிடைத்திருந்தது, தரை துடைத்துக்கொண்டே அலறின அன்றைக்கு. அவள் அல்வாவைத் தொடவில்லை.

இது போதாதென்று ஒருநாள் மதுவந்தி, தாடைத் தசை எங்கே இருக்கிறது என்று ஒரு நோயாளிக்குக் காட்ட, பக்கத்தில் நின்ற ஸ்வர்ணலதாவின் கன்னத்தில் விரலை வைத்தாள். வைத்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"சேச்சி, கல்லு மாதிரியாக்கும் இருக்கு. நீங்களும் பல்லைக் கடிக்கறேளா?"

யாரைக் கேட்கிறாள் பாருங்கள். ஸ்வர்ணலதா ஐந்து மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதானே நின்றிருந்தாள்!

முன்கூடத்தில் டோக்கன் கொடுக்கிற ஸாதனாவிடம் அன்று பொருமித் தீர்த்தாள். ஸாதனா ஆலுவாக்காரி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். எல்லாம் கேட்டுவிட்டு, "லதேச்சிக்கு நல்ல குசும்பு உண்டு, கேட்டோ" என்று சிரித்தாள். மலையாளத்தில் குசும்பு என்றால் பொறாமை. தமிழில் குறும்பு. ஸ்வர்ணலதா அதைத் தனக்குத் தோதான மொழியில் வாங்கிக்கொண்டு தானும் சிரித்துவைத்தாள். பொறாமைதான் என்பது அவளுக்கும் தெரியும். படிப்பு, வயசு, அந்த அமைதியான குரல், எல்லாவற்றின் மேலும் பொறாமை. எல்லாவற்றையும்விட, இவளுடைய சனங்கள் இவளைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் வாயைத் திறக்கிறார்களே, அதன் மேல்தான் அதிகம்.

பேச்சியம்மாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சங்கரன்கோவில்காரி, ஐம்பத்து மூன்று வயது, பதினைந்து வருஷமாக மஞ்சள் கிட்டங்கியில் வேலை. இந்த மாடிக்குப் புதியவள் இல்லை. வலது பக்கம் மேல்வரிசையில் வலி என்று வந்து ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு பல்லை எடுத்தாயிற்று. வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் எடுத்தாயிற்று. மூன்றாவது பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தாயிற்று. இப்போது அந்தப் பல்லையும் பிடுங்கிவிடச் சொல்லி வந்திருந்தாள். அந்தப் பக்கம் மெல்லுவதற்கு அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ரமேஷ்பாபு யோசித்து, மதுவந்தி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பேச்சியம்மாள் நாற்காலியில் சாய்ந்ததும் ஸ்வர்ணலதா மூலையிலிருந்தே ஒன்றைக் கவனித்துவிட்டாள். இடது கன்னத்தில் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. வலது கன்னத்தில் பொட்டு மஞ்சள்கூட இல்லை.

மதுவந்தியும் அதைப் பார்த்தாள். "மஞ்சள் கிட்டங்கியிலயா வேலை?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் ஃபைலில் எழுதிக்கொண்டாள். வேலைத் தூசு என்று நினைத்துவிட்டாள் என்பது பேனா ஓடிய வேகத்திலேயே தெரிந்தது. தூசு ஒரு கன்னமாகப் பார்த்தா படியும்? அது குளிக்கும்போது தேய்த்த மஞ்சள். சங்கரன்கோவில் பொம்பளை ஒருத்தி பாதி முகத்துக்கு மட்டும் மஞ்சள் தேய்க்கிறாள் என்றால், மீதிப் பாதியில் அவளால் கை வைக்க முடியவில்லை. இதற்கு மேல்படிப்பு வேண்டாம். கேட்டால் சொல்லலாம் என்று ஸ்வர்ணலதா காத்திருந்தாள். மதுவந்தி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்படியாக்கும் வலிக்கறது? சொல்லுங்கோ."

"வெட்டுது டாக்டரம்மா."

"வெட்டறதா? கத்தியால அறுக்கறாப்பலயா?"

"அறுக்கல... வெட்டு. வெட்டி வெட்டி இழுக்குது."

"எத்தனை நேரம் இருக்கும்?"

"நாள் பூரா வருதும்மா."

மதுவந்தி 'நாள் முழுவதும், விடாமல்' என்று எழுதினாள். பேச்சியம்மாள் சொன்னது அதுவல்ல. நாள் பூரா வருகிறது என்றால், வந்து வந்து போகிறது என்று அர்த்தம். மதுவந்தி இன்னும் நாலு கேள்வி கேட்டாள். அந்த மடித்தமிழுக்கு முன்னால் பேச்சியம்மாள் சுருங்கிப்போய், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, கடைசியில் "எப்படியாச்சும் புடுங்கிருங்க" என்று மட்டும் சொன்னாள். எக்ஸ்ரேயில் பல்லின் வேர் நுனியில் லேசாக ஒரு நிழல் தெரிந்தது. பல்லாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டு வாரம் நோட்டில் குறித்து வரட்டும் என்றாள் மதுவந்தி. எழுதப் படிக்கத் தெரியாத பேச்சியம்மாள் நேராக ரமேஷ்பாபுவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் மனமிரங்கி, வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

மாடிப்படியில் பேச்சியம்மாள் ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ தாயி, அந்தம்மா பேசுதது கோயில்ல மந்திரம் சொல்லுதமாரி இருக்கு. எனக்கு வாயே வரல பாத்துக்கோ. இது என்ன வலின்னு ஒனக்குத்தான் தெரியும். நாலு எண்ணுததுக்குள்ள கரண்டு அடிச்சமாரி வந்துட்டுப் போயிரும். பொறவு ஒண்ணுமே கெடையாது, சும்மா நல்லா இருப்பேன். திரும்பவும் வரும். ஒரு நாளைக்கு அம்பது தடவ வருது. மூஞ்சி கழுவ முடியல. போட்டுல அக்கரைக்குப் போனா காத்து பட்டு வெட்டுது. மூக்குத்தியத் தொட்டா வெட்டுது. செத்துரலாம் போல இருக்கு தாயி."

கரண்டும் காற்றும் மூக்குத்தியும் ஸ்வர்ணலதா புதிதாகக் கேட்டவை அல்ல. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதல் பல்லுக்கு வந்தபோதே பேச்சியம்மாள் இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். வெளியே கூட்டம் நின்றது, டாக்டர் அவசரப்பட்டார், ஸ்வர்ணலதா சுருக்கினாள். "வலத்தே மேலே பல்லு, நல்ல வேதன." இரண்டாவது பல்லின்போது இன்னும் சுருக்கம், "பக்கத்தே பல்லும்." அவ்வளவுதான். அந்த இரண்டு தடவையும் குறட்டை எடுத்து டாக்டர் கையில் கொடுத்ததும் அவளேதான்.

மதுவந்தி பக்கத்தில் நின்று ஐந்து மாதமாகக் கேட்டதில் அவளுக்கும் கொஞ்சம் விளங்கியிருந்தது. கரண்டு போல நொடியில் வந்து போகிற வலி, காற்றுப் பட்டால் வருகிற வலி, இதெல்லாம் பல்லின் வலி இல்லை, முகத்து நரம்பின் வலி. இதைச் சொன்னால் அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவாள். உடனே இன்னொரு 'மிடுக்கி' வரும். அதோடு, முதலில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் வரும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஒரு பல் போகும், வலி போகாது, மதுவந்தி அரைமணி நேரம் கதை கேட்டும் கோட்டைவிட்டாள் என்று ஆகும். ஏற்கெனவே வேர் செத்த பல்தானே, போனால் போகட்டும் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொன்னாள். பொறாமைக்கு எத்தனை வக்கீல் பாருங்கள்.

புதனும் வியாழனும் ஸ்வர்ணலதா சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் அவளைக் கெட்டவள் என்பீர்கள். ஆனால் இருந்தாள். ஸாதனாவுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தாள். மதுவந்தியின் அழகான கையெழுத்தில் 'நாள் முழுவதும், விடாமல்' என்று இருந்த ஃபைலை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மதுவந்தியும் வந்துவிட்டாள். "சார், எனக்கு இன்னும் திருப்தியில்லை, கொஞ்சம் பொறுக்கலாமே" என்று ரமேஷ்பாபுவிடம் சொல்லிப் பார்த்தாள். நிழல் தெரிகிறது, நோயாளியும் கெஞ்சுகிறாள், காரணம் ஏதாவது இருந்தால் சொல் என்றார் அவர். மதுவந்தி ஃபைலை மூடினாள். முகம் வாட, சுவரோரம் போய் நின்றாள். அந்த வாட்டத்தைப் பார்க்க ஸ்வர்ணலதாவுக்கு நன்றாகவே இருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மரத்துப்போகிற ஊசி போடுவதற்காக ரமேஷ்பாபு வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் கன்னத்தை லேசாக ஒதுக்கினார். அவ்வளவுதான், பேச்சியம்மாள் விறைத்துப்போனாள். வலது கண் இறுக மூடிக்கொண்டது. கை முகத்துக்கு ஓடி வந்து, கன்னத்தைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நடுங்கியபடி நின்றது. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பொத்திக்கொள்வார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஸ்வர்ணலதா ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறாள். கன்னத்தைத் தொடப் பயந்து கையை அந்தரத்தில் வைத்திருக்கிற ஒருத்தியை இப்போதுதான் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறாள். இல்லை, முன்னாலும் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், இவளையேதான். நாலு எண்ணுவதற்குள் அது போய்விட்டது. பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து, ஸ்வர்ணலதாவைப் பார்த்து, பிள்ளை கேட்பது போலக் கேட்டாள். "புடுங்கியாச்சா தாயி?"

ரமேஷ்பாபு ஊசிக்காகக் கையை நீட்டினார். ஸ்வர்ணலதா கொடுக்கவில்லை.

"சாரே, இது பல்லு இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கவில்லை. நாலு எண்ணும் நேரம், கரண்டு, நடுவில் சுத்தமாக வலியில்லாதது, போட்டுக் காற்று, மூக்குத்தி, ஐம்பது தடவை, பாதி முகத்து மஞ்சள். மலையாளத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு மாறி, மறுபடி மலையாளத்துக்கு வந்தாள். மதுவந்தி சுவரை விட்டு ஓடி வந்தாள். ஒரு துளிப் பஞ்சை நூலாகத் திரித்து, பேச்சியம்மாளின் வலது மூக்கோரம் அது பட்டதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி தொட்டாள். அந்தக் கை மறுபடி அந்தரத்துக்கு ஏறியது. இடது பக்கம் தொட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

"நரம்பாக்கும் சார்" என்றாள் மதுவந்தி. "லதா சேச்சி, நீங்கோ சொல்லலேன்னா நான் கோட்டை விட்டிருப்பேன்."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். எறணாகுளத்தில் நரம்பு டாக்டர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து, தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். நரம்பை ஏதாவது அமுக்குகிறதா என்று அதில்தான் தெரியும். மாத்திரை சின்ன அளவில் ஆரம்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும் என்றாள். அது வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மாத்திரை என்று கேட்டதும் பேச்சியம்மாள், "எனக்கென்ன காக்கா வலிப்பா?" என்று எழுந்துவிட்டாள். ஸ்வர்ணலதாதான் சமாதானம் சொல்லி முன்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஸாதனாவிடம் உட்காரவைத்தாள்.

திரும்பி வந்தபோது ரமேஷ்பாபு பழைய ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பல் எடுத்த தேதிகளும் அவர் கையெழுத்தில் இருந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

"லதே, அன்னு இவரு இது பறஞ்ஞில்லல்லோ?" அப்போது இவள் இதைச் சொல்லவில்லையே என்று கேட்டார்.

மதுவந்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சாரே. இப்பத்தான் சொன்னாங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

ரமேஷ்பாபு பெருமூச்சு விட்டார். "மிடுக்கி" என்றார் அவளைப் பார்த்து. எதற்காகப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாளோ அது கிடைத்தது. வாயில் போட்டதும் கல் கடித்த சோறு மாதிரி இருந்தது.

ஆறு வாரம் கழித்து பேச்சியம்மாள் வந்தாள். ஸ்கேனில் ஒரு ரத்தக்குழாய் நரம்பின் மேல் உரசுவது தெரிந்திருந்தது. இப்போதைக்கு மாத்திரையே போதும், பின்னால் தேவைப்பட்டால் ஆபரேஷன் யோசிக்கலாம் என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வாரம் தலை சுற்றி, மாத்திரையைக் குறைத்து, மறுபடி ஏற்றினார்கள். இப்போது நாளைக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான், அதுவும் லேசாக. ஆள் தேறியிருந்தாள். போட்டில் காற்று வாங்கிக்கொண்டே எறணாகுளம் போய் வந்த கதையை ஸாதனாவிடம் தன் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பொட்டலம் இருந்தது.

"கருப்பட்டி முட்டாயி" என்றாள் ஸ்வர்ணலதாவிடம். "ஊருக்குப் போன புள்ளைககிட்டச் சொல்லி வாங்கியாரச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு."

"ஓஹோ."

"அவுக மனுசி இல்ல தாயி, தெய்வம். எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாவள்லா? பஞ்ச வச்சுத் தொட்டாவ பாரு! அந்தப் படிப்பு எங்க, நம்ம எங்க. ஒன்னரை வருசமா ஒருத்தருக்கும் தெரியாதத ஒரு நிமிசத்துல சொல்லிட்டாவ."

ஊசியைக் கொடுக்காமல் நிறுத்தியது யார்? கரண்டையும் காற்றையும் சொன்னது யார்? 'நாள் முழுவதும், விடாமல்' என்று எழுதின பெண்ணுக்குக் கருப்பட்டி மிட்டாய், ஸ்வர்ணலதாவுக்கு ஓஹோவா?

"என்னத்தக் கண்டுபிடிச்சாங்க?" குரல் அவளை மீறி உயர்ந்தது. "அந்தம்மா ஒங்க மஞ்சளைப் பாத்து கிட்டங்கித் தூசுன்னு எழுதிச்சு பேச்சியக்கா. நரம்புன்னு எடுத்துக் குடுத்ததே நான்தான். மூக்குத்தியத் தொட்டா வெட்டுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தானே தெரியும்? மொதப் பல்லுக்கு வந்த அன்னிக்கே எங்கிட்ட எல்லாம் சொல்லியிருந்தீங்கள்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. ஸாதனா டோக்கன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

பேச்சியம்மாளின் நாக்கு வாய்க்குள் வலது பக்கம் போய், பல் இருந்த இடத்தைத் துழாவுவது கன்னத்தில் தெரிந்தது.

"மொத அன்னிக்கே சொன்னேன். ஆமா, சொன்னேன்" என்றாள் மெதுவாக. "அப்பம் சாருகிட்ட நீ என்ன சொன்ன?"

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் கேட்கவில்லை, டாக்டருக்கு அவசரம், எதையாவது சொல்லியிருக்கலாம். ஸ்வர்ணலதாவுக்கு ஏனோ அது வரவில்லை.

"பல்லு வலின்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல பேச்சியக்கா."

பேச்சியம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். பேச்சியம்மாள் பொட்டலத்தின் நூலை இழுத்து இழுத்து இறுக்கினாள். உள்ளேயிருந்து மணி அடித்தது. ஸாதனா தயங்கித் தயங்கி அவள் பெயரைக் கூப்பிட்டாள்.

பழக்கத்தில் ஸ்வர்ணலதா கூடவே எழுந்து கையை நீட்டினாள். பேச்சியம்மாள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நீ இரு தாயி" என்றாள். "இனும எனக்கு எங்க வலிக்குன்னு நானே சொல்லிக்கிடுதேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.